ட்ரமன்ட் வீட்டுச் சுவரில் தொங்கிய பெயர்

1

மூன்று கிழமையாக எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. தொழிற்சாலையில் லேபிள் ஒட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரே பெட்டிக்கு இரண்டு லேபிள் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். மேற்பார்வை செய்கிற பெண் வந்து சுகமில்லையா என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு மதியச் சாப்பாட்டுக்குப் போன மனிதன் இடி விழுந்தவனாகத் திரும்பி வந்திருக்கிறேன், அவ்வளவுதான். ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு அதை எழுதிவிட்டால் கொஞ்சம் மூச்சு வரும் என்று நினைக்கிறேன்.

விஷயம் மகளின் கலியாணத்தில் தொடங்கியது. ஷெரினுக்கு இருபத்தொன்பது வயது. மார்க்கம் நகரில் ஒரு கணினி அலுவலகத்தில் வேலை. அவள் கட்டப்போகிற பையன் யூவன் ட்ரமன்ட். ஸ்கொட்லாந்துப் பரம்பரை, ஆனால் அவனுடைய பாட்டன் காலத்திலேயே கனடாவுக்கு வந்துவிட்டார்கள். நல்ல பையன். கத்தரிக்காய்க் குழம்பை வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்பான். எனக்கும் மனைவி ஜெசிந்தாவுக்கும் அவனில் ஒரு குறையும் தெரியவில்லை.

சண்டை பெயரில் வந்தது. கலியாணம் முடித்தபின் ஷெரின் ட்ரமன்ட் ஆகவேண்டும் என்று யூவனின் மாமி ஒருத்தி ஆசைப்பட்டா. ஷெரின் முடியாது என்றுவிட்டாள். ஆறு மாதம் இழுபட்டது. ஒருநாள் எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்தபடி தொலைபேசியில் அந்த மாமியிடம் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளிவிட்டு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"நான் சேஞ்ச் பண்ணமாட்டன் அப்பா. பெர்னாண்டோ என்ர அப்பப்பான்ர பேர். நான் பாக்காத மனுசன். அவற்ற பேரையாவது வச்சிருக்கிறன்."

ஜெசிந்தா குசினிக்குள் இருந்து எட்டி என்னைப் பார்த்தா. நான் தொலைக்காட்சியைப் பார்த்தேன்.

நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். தகப்பன் பெயர் முன்னால், நம் பெயர் பின்னால், அடுத்த தலைமுறையில் எல்லாம் ஒரு படி நகர்ந்துவிடும். அது இங்கேயுள்ள படிவங்களுக்குப் புரிவதில்லை. அதனால் ரொறன்ரோவில் பாதித் தமிழ்ப் பெண்கள் 'மிஸஸ் ரவி', 'மிஸஸ் குமார்' என்றே வாழ்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒருவரைக் கூப்பிடுகிறோம் என்று எப்போதோ காலமான அவருடைய தகப்பனைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் கரைச்சல் இல்லை. அன்ரன் பெர்னாண்டோ, ஜெசிந்தா பெர்னாண்டோ, ஷெரின் பெர்னாண்டோ. எந்த அதிகாரியும் இரண்டாந்தரம் கேட்டதில்லை. அவ்வளவு ஒழுங்கான பெயர்.

என் தகப்பனின் பெயர் அந்தோனிப்பிள்ளை சூசைப்பிள்ளை.

2

யூவனின் தகப்பன் அலன் பிறம்ரனில் இருக்கிறார். ஓய்வு பெற்ற குழாய் வேலைக்காரர். கை ஒவ்வொன்றும் தோசைக்கல் அளவு இருக்கும். ஒரு ஞாயிறு மத்தியானம் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அன்று நான் ஏதோ வரவேற்பு உபசாரம் என்றுதான் போனேன்.

மேசைக்கு நேரே சுவரில் ஒரு பெரிய கண்ணாடிச் சட்டம். உள்ளே ஒரு மரத்தின் படம், கிளையெல்லாம் பெயர்கள், எல்லாம் ட்ரமன்ட். அடிமரத்தில் மட்டும் வேறொரு பெயர் இருந்தது. மக்ரெகர். எங்கேயாவது கண்ணில் பட்டதைக் கேட்டுவைப்பது என் பழக்கம். அது யார் என்று கேட்டேன்.

"அதுதான் நாங்கள்" என்றார் அலன். "ட்ரமன்ட் எங்கள் பெயர் இல்லை."

எனக்கு முள்ளுக்கரண்டி கையில் நின்றுவிட்டது.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். 'மக்' என்றால் அவர்களுடைய பழைய மொழியில் மகன். மக்ரெகர் என்றால் கிரெகரின் மகன். அவர்களும் ஒருகாலம் நம்மைப்போலத் தகப்பன் பெயரைச் சொல்லித்தான் திரிந்திருக்கிறார்கள். பிறகு ஒரு தகப்பனோடு நிறுத்திவிட்டார்கள், அவ்வளவே வித்தியாசம். இதை எங்கள் ஆட்களில் யாராவது கேட்டிருந்தால் ஸ்கொட்லாந்துக்காரன் தமிழிலிருந்து களவெடுத்தது என்று அடுத்த நாளே ஒரு கட்டுரை எழுதியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு அவர் சொன்னது வேடிக்கை இல்லை. அந்தக் கூட்டத்தார் அயலவரோடு சண்டை பிடித்துப் பலரைக் கொன்றுபோட்டார்கள். அரசர் கோபத்தில் அந்தப் பெயரையே தடை செய்தார். ஆயிரத்து அறுநூற்று மூன்றாம் ஆண்டு. மக்ரெகர் என்று சொல்லிக்கொண்டு எவனும் உயிரோடு இருக்கக்கூடாது. வேறு பெயர் எடு, இல்லாவிட்டால் சாவு. நாலு பேருக்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. ஆயுதம் கூடாது. இறைச்சி வெட்டுவதற்கு முனை இல்லாத ஒரு கத்தி மட்டும் வைத்திருக்கலாம். இதைச் சொல்லும்போது அவர் கையில் இருந்த கத்தியை உயர்த்திக் காட்டினார். பிறகு வந்த ஒரு சட்டத்தில் எந்தப் பாதிரியாரும் ஒரு குழந்தைக்கு கிரெகர் என்று ஞானஸ்நானப் பெயர் வைக்கக்கூடாது என்றும் எழுதிவிட்டார்களாம்.

நான் கத்தோலிக்கன். ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் அரசாங்கம் வந்து நின்றது என்று கேட்டதும் முள்ளுக்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டேன். வெள்ளைக்காரனுக்கு வெள்ளைக்காரன் இப்படிச் செய்வான் என்று நான் நினைத்ததே இல்லை. நாலு பேர் கூடக்கூடாது என்ற சட்டத்தை நமக்காகத்தான் கண்டுபிடித்தார்கள் என்று இவ்வளவு காலமும் நம்பியிருந்தேன்.

"எவ்வளவு காலம்?" என்று கேட்டேன்.

இடையில் ஒரு முப்பது வருடம் தடையை எடுத்தார்களாம். பிறகு திரும்பப் போட்டார்களாம். கடைசியாக நீக்கியது ஆயிரத்து எழுநூற்று எழுபத்துநான்கில். அதற்குள் ஐந்தாறு தலைமுறை போய்விட்டது. சிலர் பழைய பெயருக்குத் திரும்பினார்கள். அலனின் ஆட்கள் திரும்பவில்லை. பயமோ, சோம்பலோ, தெரியாது என்றார்.

"இன்னொன்று இருக்கிறது" என்றார். "அந்தக் காலத்தில் மக்ரெகர் ஒருவன் மன்னிப்புப் பெறுவதற்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. இன்னொரு மக்ரெகரின் தலையைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். எங்கள் மூதாதை இந்த ட்ரமன்ட் பெயரைக் கையெழுத்துப் போட்டு எடுத்தானோ, தலையைக் கொடுத்து எடுத்தானோ, எனக்குத் தெரியாது. நூலகம் நூலகமாகத் தேடிவிட்டேன்."

சொல்லிவிட்டு உருளைக்கிழங்குத் தட்டை என் பக்கம் தள்ளினார். சொந்தச் சகோதரனைக் காட்டிக்கொடுத்தவனாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிற ஒருவனைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, அதற்குக் கீழே இருந்து ஒரு மனிதர் சாப்பிடுகிறார். நான் ஒளித்து வைத்திருப்பதை இவர் விருந்தாளிக்குக் காட்டுகிறார்.

ஷெரினுக்குக் கண் மின்னியது. "அங்கிள், எங்கட சைட்டுக்கும் ஒண்டு செய்து தருவீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அலனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கலியாணத்துக்கு இரண்டு மரமும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம் என்றார். பெர்னாண்டோ என்று எங்கே தேடத் தொடங்கவேண்டும், உங்கள் தகப்பனின் முழுப்பெயர் என்ன என்று என்னைக் கேட்டார்.

"எழுதி அனுப்புறன்" என்றேன்.

3

நான் இருபத்துமூன்று வயதில் மன்னாரிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்தேன். ஒரு இரும்புச் சாமான் கடையில் கணக்கெழுதுகிற வேலை. யுத்த காலம், சூசைப்பிள்ளை என்ற தமிழ்ப் பெயரோடு அறை கிடைக்கவில்லை. கிடைத்த அறையிலும் பொலிஸ் வந்து பதிவைப் பார்க்கும்போதெல்லாம் எழுப்பிக்கொண்டு போனார்கள். முதலாளி ஒரு வழி சொன்னார். அன்ரன் என்ற பெயர் எல்லாருக்கும் பொது, பின்னால் பெர்னாண்டோ போட்டால் எந்தப் பக்கமும் போகலாம். சத்தியக்கடதாசி முடித்து முறைப்படி பெயரை மாற்றினேன். நீர்கொழும்புப் பக்கம் நம்மவர்களிலும் பெர்னாண்டோ இருக்கிறார்கள், சிங்களவரிலும் இருக்கிறார்கள். சட்டத்துக்கு மாறாக நான் ஒன்றும் செய்யவில்லை. அதைச் சொல்லித்தான் இத்தனை வருடமும் என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

அப்பாவுக்குக் கண்ணில் பூ விழுந்தது. கொழும்பில் பெரியாஸ்பத்திரியில் காட்டுவதற்கு வந்தார். நான் எதிர்கொண்டு போய்ப் பாதி வழியில் சேர்ந்துகொண்டேன். பஸ்ஸில் ஏறமுன்னம் சொல்லிவைத்தேன்.

"அப்பா, உள்ளுக்கை என்னோட தமிழிலை கதைக்காதேங்கோ."

"சரி தம்பி" என்றார். முன் சீற்றில் போய் இருந்தார். அவ்வளவு தூரமும் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். நல்ல வெயில் ஏறிய காலை. வரிசையில் அவர் எனக்கு முன்னால் நின்றார். அடையாள அட்டை மடியில் இருந்தது, கண் தெரியாததால் தடவி எடுக்கவேண்டும். கையில் இருந்த சீலைப் பையைத் திரும்பிப் பாராமலே பின்னால் நீட்டினார். ஒரு தகப்பன் மகனிடம் நீட்டுகிற மாதிரி. நானும் யோசிக்காமல் வாங்கிவிட்டேன்.

ஆமிக்காரன் அதைக் கண்டுவிட்டான். அவனுக்கு என் வயதுதான் இருக்கும். அப்பாவின் அட்டையைப் பார்த்தான், என் அட்டையைப் பார்த்தான். ஒன்று மன்னார் சூசைப்பிள்ளை, மற்றது பெர்னாண்டோ. என்னிடம் கேட்டான்.

"மெயா ஒயாகே கவுத?"

இவர் உனக்கு யார் என்று அர்த்தம். வேறொன்றுமில்லை, நாலு வயதுப் பிள்ளையும் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

தெரியாது என்றேன். சிங்களத்தில் சொன்னேன். கிழவர் பையைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன் என்றும் சொன்னேன்.

அவன் அப்பாவின் பக்கம் திரும்பி இவனைத் தெரியுமா என்று கேட்டான். அப்பாவுக்குச் சிங்களம் நாலு சொல் தெரியும். அவர் என் கையிலிருந்து பையை எடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தன்னெ நே" என்றார். தெரியாது.

அவரை ட்ரக்கில் ஏற்றினார்கள். என்னை பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். நான் ஏறினேன். அவர் இருந்த சீற் வெறுமையாக இருந்தது, போய் அதில் இருந்தேன்.

இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். ஆஸ்பத்திரித் தவணை தப்பிவிட்டது. அவர் கொழும்புக்கு வரவே இல்லை, அப்படியே ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். அந்தக் கண் பிறகு சரிவரவில்லை. அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. ஜெசிந்தாவுக்குப் பெயர் மாற்றியது தெரியும். இது தெரியாது. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட நான் இதைச் சுற்றி வளைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

4

ஷெரின் நாலாம் வகுப்பில் படிக்கும்போது குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். பென்சிலோடு என் மடிக்குப் பக்கத்தில் வந்து நின்று அப்பப்பான்ர பேர் என்ன என்று கேட்டாள். அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். வேலைக்குப் போகிற அவசரம். பெர்னாண்டோ என்று எழுது என்றேன். அவள் மணிமணியாக எழுதி, பக்கத்தில் ஒரு தொப்பி போட்ட கிழவனையும் கீறினாள். அப்பா வாழ்நாளில் தொப்பி போட்டதில்லை.

அந்த விருந்து முடிந்து அடுத்த சனிக்கிழமை பகல் ஷெரின் வீட்டுக்கு வந்தாள். அலன் அங்கிள் கேட்டிருக்கிறார், அப்பப்பாவின் கையெழுத்தில் ஏதாவது இருந்தால் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கலாமாம். அவருடைய கடிதங்கள் தகர பிஸ்கட் ரின் ஒன்றில் கிடப்பதை அவள் அறிவாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்கிடையில் ரின்னைத் திறந்து மேசையில் பரப்பிவிட்டாள்.

கடிதம் தமிழில் இருந்தது, அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கடித உறையில் விலாசம் ஆங்கிலத்தில். அப்பா கனடாவுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் முன்பக்கம் பெரிய பெரிய எழுத்தில், ஒரு கண்ணால் பார்த்து எழுதிய கோணல் எழுத்தில், மிஸ்டர் அன்ரன் பெர்னாண்டோ. ஒருமுறையாவது பிசகியதில்லை. தன் பெயரைக் கழற்றி எறிந்த மகனுக்கு அவன் எடுத்த பெயரைக் கவனமாக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஷெரின் உறையைத் திருப்பினாள். பின்பக்கம் அனுப்புநரின் பெயர்.

"அப்பா, இதார் சூசைப்பிள்ளை? போஸ்ட் மாஸ்டரா?"

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றா. "இஞ்சேருங்கோ, இனியாவது பிள்ளைக்குச் சொல்லுங்கோ" என்றா.

சொன்னேன். பெயர் மாற்றியதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் தொடங்கினேன். அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழே இருந்து உருளைக்கிழங்கு சாப்பிட்ட மனிதர் ஞாபகம் வந்தார். நிறுத்தமுடியவில்லை. பஸ், பை, ஆமிக்காரன் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், அப்பா சொன்ன பதில், எல்லாவற்றையும் சொன்னேன். ஜெசிந்தா கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா.

"தெரியாது எண்டு சொன்னனீங்களா?" என்று ஷெரின் கேட்டாள். "யுவர் ஓன் டாட்?"

"ஓம்."

"அவரைக் கொண்டுபோனவங்கள். நீங்கள் பஸ்ஸிலை ஏறிட்டீங்கள்."

"ஓம் பிள்ளை."

அவள் உறையைத் திருப்பி முன்பக்கத்துப் பெயரைப் பார்த்தாள். "அப்ப நான் ஆறு மாசமா சண்டை பிடிச்சது ஒரு செக்பொயின்ற்றிலை தப்புறதுக்கு வச்ச பேருக்காகவா? அவற்ற பேர் எண்டு நினைச்சு? நோ, நோ, நோ. எனக்கு விளங்கேல்லை."

நான் ஏதோ அந்தக் கால நிலைமை என்று தொடங்கினேன். "டோன்ட்" என்றாள். சாப்பிடாமல் போய்விட்டாள். அவள் எடுத்த உறை ஒன்று ரின்னில் குறைந்திருந்தது. பின்னேரம் ஜெசிந்தா தேத்தண்ணி வைத்துக் கொண்டுவந்து தந்துவிட்டு, "மாமா பாவம்" என்று மட்டும் சொன்னா. அப்போதுதான் நான் அழுதேன்.

5

போன ஞாயிறு அப்பாவின் நினைவுப் பூசை. இங்கேயும் நாங்கள் அந்த வழக்கத்தை விடவில்லை. மரித்தவரின் பெயரை எழுதிக் கொடுத்தால், தமிழ்ப் பூசை தொடங்கமுன் ஒருவர் வாசிப்பார். இருபத்தேழு வருடமாக நான் எழுதிக் கொடுப்பது 'அன்ரன் பெர்னாண்டோவின் தந்தையார்' என்று. கேட்பவர்கள் பெர்னாண்டோ ஐயா என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படி நினைக்கத்தான் விட்டேன். செத்த பிறகும் அவரைத் தெரியாது என்று வருடத்துக்கு ஒருமுறை கோயிலில் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இது எனக்கு அலனின் வீட்டுக்குப் போகும்வரை உறைக்கவில்லை என்பதுதான் ஆகப் பெரிய அதிர்ச்சி.

இந்த முறை முழுப்பெயரையும் எழுதினேன். பழக்கத்தில் அன்ரன் என்று தொடங்கிய முதல் தாளைக் கிழித்துவிட்டு இரண்டாம் தாளில் எழுதினேன்.

ஷெரினிடமிருந்து எட்டு நாளாக ஒரு செய்தியும் இல்லை. கோயில் வாசலில் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போனோம். ஒலிவாங்கியில் ஒரு பெண்மணி வாசித்தா. "அமரர் அந்தோனிப்பிள்ளை சூசைப்பிள்ளை அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக." ரொறன்ரோவில் நாலு பேர் முன்னால் அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல்தரம். பின்னால் கதவு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஷெரின் கடைசி மரவாங்கு வரிசையில், குளிர் உடுப்பைக் கழற்றாமல், நின்றுகொண்டிருந்தாள்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும். ஜோர்ஜ் அண்ணை வந்தார். ரொறன்ரோவில் மல்வேர்ன் பக்கம் நாங்கள் வந்திறங்கிய நாளிலிருந்து பழக்கம், கோயிலில் எவருடைய சொந்தபந்தமும் அவருக்குத் தெரியவேண்டும். ஷெரின் கொஞ்சம் தள்ளி நின்றாள். கிட்ட வரவில்லை, போகவும் இல்லை.

"தம்பி அன்ரன்," என்றார் ஜோர்ஜ் அண்ணை, வாய்க்குள் ரோல்ஸோடு. "உந்தச் சூசைப்பிள்ளை எண்டு வாசிச்சது நீர் குடுத்ததாமே. உவர் உமக்கு ஆர்?"

மனிதர் தேநீருக்கு நடுவில் சும்மா கேட்டார். எனக்கு அந்த வெயிலும் வரிசையும் கண்முன்னே வந்துவிட்டன. ஷெரின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ர அப்பா" என்றேன். சத்தம் கூடிப்போயிற்று. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். "என்ர சொந்த அப்பா, அண்ணை. மன்னார்ச் சூசைப்பிள்ளை."

"அப்ப பெர்னாண்டோ?"

"அது பயத்திலை எடுத்த பேர்."

ஜோர்ஜ் அண்ணை மென்றதை விழுங்கினார். என் தோளில் கையை வைத்துவிட்டு நகர்ந்தார். கையில் எண்ணெய், என் கோட்டில் பிடித்துவிட்டது.

ஷெரின் கிட்ட வந்தாள். கண் சிவந்திருந்தது. மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, பெயரை என்ன செய்யப்போகிறாள் என்றும் சொல்லவில்லை. தேநீர் வரிசையில் ஆட்கள் குறைந்திருப்பதைப் பார்த்தாள். தோளிலிருந்த பையைக் கழற்றினாள். பை வாயில் அந்தக் கடித உறையின் ஓரம் தெரிந்தது.

"அப்பா, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்று நீட்டினாள்.

தெரிந்துதான் செய்தாளா என்று நான் இன்னும் கேட்கவில்லை. அவள் தேநீர் எடுத்துக்கொண்டு வரும்வரை பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.